ஒட்டுத் தாடியும் 45 லட்சம் டாலரும்

நார்மன், ஓக்லஹோமா

2012 அக்டோபர் 27, சனிக்கிழமை இரவு. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து எடுத்த வீடு. அன்றைக்குச் சமையல் என் முறை. குக்கர் மூன்றாவது விசிலுக்குக் காத்திருந்தேன். கூடத்திலிருந்து மதுரைக்காரன் கத்தினான்: "டேய், ஹார்டனை வித்துட்டானுங்கடா!"

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். ஹார்டன் எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணியான ஓக்லஹோமா சிட்டி தண்டரின் ஆட்டக்காரர். நாலு மாதம் முன்னால்தான் தண்டர் அணி என்.பி.ஏ. லீகின் இறுதித் தொடரான ஃபைனல்ஸ் ஆடியிருந்தது. மயாமியிடம் 4-1 என்று தோற்றது உண்மை. ஆனால் டியூரண்ட், வெஸ்ட்புரூக், ஹார்டன் மூன்று பேருக்கும் இன்னும் 25 வயது ஆகவில்லை. இன்னும் பத்து வருஷத்துக்கு இந்த ஊரை அசைக்க முடியாது என்று பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் கோடையில் அரங்கத்துக்கு வெளியே ஹார்டன் தாடி மாதிரி ஒட்டுத் தாடி விற்றார்கள். எலாஸ்டிக் வைத்தது, காதில் மாட்டிக்கொள்ளலாம். நாங்கள் நாலு பேரும் ஆளுக்கொன்று வாங்கினோம். புரொபஸருக்குத் தெரியாமல் லேபில்கூட மாட்டிக்கொண்டு படம் எடுத்திருக்கிறோம்.

குக்கர் ஐந்து விசில் அடித்து சாதம் குழைந்துவிட்டது. யாரும் சாப்பிடவில்லை.

அடுத்த சில நாட்கள் வீட்டில் ஒரே சண்டை. செய்திகளில் வந்த கணக்கு இது: ஹார்டனின் ஒப்பந்தத்தை நீட்டிக்க தண்டர் கடைசியாகச் சொன்ன விலை 4 ஆண்டுக்கு 5.55 கோடி டாலர். ஹார்டனுக்குக் கிடைக்கக்கூடிய உச்சம் சுமார் 6 கோடி. வித்தியாசம் 45 லட்சம், அதுவும் நாலு வருஷத்துக்குச் சேர்த்து. ஆகஸ்டில்தான் அதே அணியின் இபாகாவுக்கு 4.8 கோடி எழுதிக் கொடுத்திருந்தார்கள். யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதை என்று நான் குதித்தேன். மதுரைக்காரன் வரியைக் காட்டினான். லீகுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையிலான 2011 ஒப்பந்தத்தில் லக்சரி டாக்ஸ், அதாவது மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் அணி லீகுக்குக் கட்டும் வரி, மாறியிருந்தது. அடுத்த சீசனிலிருந்து வரம்பைத் தாண்டும் டாலர் ஒன்றுக்கு ஒன்றரை டாலரில் ஆரம்பித்து மேலே ஏறும். "45 லட்சம்கிறது அவனுக்குக் கொடுக்கறதுடா, கவர்ன்மென்ட்டுக்கு மாதிரி லீகுக்குக் கட்டறதை யாரு கட்டுவா? இது என்ன நியூயார்க்கா?" என்றான். இன்றைக்கு யோசித்தால் அவன் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது.

ஆனால் மீதிப் பாதியை நான் விடமாட்டேன். எக்ஸ்டென்ஷன், அதாவது ஒப்பந்த நீட்டிப்பு, போட அக்டோபர் 31 வரைக்கும் நேரம் இருந்தது. போடாவிட்டாலும் குடி முழுகிப்போகாது. அந்த வருஷம் முழுக்க அவரை வைத்து ஆடியிருக்கலாம். அடுத்த கோடையில் வேறு யார் என்ன விலை சொன்னாலும் அதே விலையைக் கொடுத்துத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை தண்டரிடம் இருந்தது. நாலு நாள் பொறுக்காமல் கெவின் மார்ட்டின், ஜெரமி லாம்ப், இரண்டு முதல் சுற்று பிக் (புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் கிடைக்கும் முறை), ஒரு இரண்டாம் சுற்று பிக் என்று வாங்கிக்கொண்டு ஹூஸ்டன் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். ஹூஸ்டன் உடனே 5 ஆண்டுக்கு 8 கோடி கொடுத்தது. முதல் ஆட்டத்தில் டெட்ராய்ட்டில் 37 புள்ளி. அடுத்த ஆட்டத்தில் அட்லாண்டாவில் 45.

நவம்பர் 28 அன்று ஹூஸ்டன் சட்டையில் எங்கள் ஊருக்கு வந்தார். மேல் மாடத்தில், கூரையைத் தொடும் உயரத்தில் சீட்டு எடுத்தோம். பெயரை அறிவித்ததும் அரங்கம் கைதட்டியது. அன்றைக்கு 16 தடவை போட்டு 3தான் உள்ளே விழுந்தது, நாங்கள் 120-98 என்று ஜெயித்தோம். திரும்பி வரும்போது காரில் ஒருவரும் பேசவில்லை. ஜெயித்த வண்டி மாதிரியே இல்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் தெரிந்த கதை. 2013 ஏப்ரலில் ஹூஸ்டனோடு ஆடும்போதே வெஸ்ட்புரூக்குக்கு முழங்கால் போனது. 2016 ஜூலை 4 அன்று டியூரண்ட் கிளம்பினார். 2018இல் ஹார்டன் எம்விபி (லீகின் சிறந்த ஆட்டக்காரர்) ஆனார், ஹூஸ்டனில். அந்த டிரேடில் எங்களுக்கு உருப்படியாக மிஞ்சியது 2013இல் 12வது பிக்கில் எடுத்த ஸ்டீவன் ஆடம்ஸ் ஒருவர்தான்.

இதை இப்போது கிளறக் காரணம், 2025 ஜூலை. தண்டர் சாம்பியன் பட்டம் வாங்கிய கையோடு முதலில் அணியின் நட்சத்திரம் ஷேய்க்கு 4 ஆண்டுக்கு 28.5 கோடி. அடுத்த வாரம் ஹோம்கிரெனுக்கு 5 ஆண்டுக்கு 25 கோடி வரை. மறுநாளே ஜேலன் வில்லியம்ஸுக்கு 28.7 கோடி வரை. பத்து நாளில் மூன்று கையெழுத்து. மேனேஜர், ஹார்டனை அனுப்பிய அதே சாம் பிரெஸ்டி! ஆபீஸில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி இதைப் படித்தபோது சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்தத் தாராளம் 2012இல் எங்கே போயிருந்தது?

உங்களுக்கு இப்படி ஒரு நாள் உண்டா? எங்கே இருந்தீர்கள், கையில் என்ன இருந்தது, எல்லாம் எழுதுங்கள்.

*

பியர்லேண்ட், டெக்சஸ்

நார்மன் அண்ணா, நீங்கள் அழுத ஹார்டனை எட்டு வருஷம் ஹூஸ்டன்காரர்களான நாங்கள்தான் வைத்திருந்தோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்களையும் அவர் 2021 ஜனவரியில் விட்டுவிட்டு புரூக்ளின் போனார். ஆக, கணக்கு சரி.

எனக்குச் சொல்ல இருப்பது என் பையனைப் பற்றி. வயது 14. அவனுக்கு ஜேலன் கிரீன் என்றால் உயிர். 2021இல் ஹூஸ்டனுக்கு இரண்டாவது பிக்காக வந்த பிள்ளை; இவன் அப்போது நாலாம் வகுப்பு. முதலில் 0 எண் சட்டை வாங்கினோம். இரண்டு வருஷத்தில் அவர் 4க்கு மாறினார், இன்னொன்று வாங்கினோம். 2024 அக்டோபரில் 3 ஆண்டுக்கு 10.5 கோடி எக்ஸ்டென்ஷன் என்று செய்தி வந்ததும் வீட்டில் இவனுக்கே சம்பளம் ஏறிய மாதிரி ஆர்ப்பாட்டம். சீசனின் 82 ஆட்டமும் தவறாமல் ஆடுவார், அது இவனுக்குப் பெருமை. எனக்கு வேறு கவலை. வாரியர்ஸுக்கு எதிரான பிளேஆஃபில் முதல் ஆட்டத்தில் 7 புள்ளி, அடுத்ததில் 38. இப்படி ஆடினால் எந்த அம்மாவுக்கு நெஞ்சு தாங்கும்?

2025 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. மீனாட்சி கோயிலுக்குப் போயிருந்தோம். தரிசனம் முடித்துத் தோசைக்கு உட்கார்ந்தோம். பையன் அந்த 4 எண் சட்டையில்தான் இருந்தான். கோயிலுக்கு வேறு சட்டை போடு என்று காலையில் ஒரு மூச்சு சண்டை போட்டிருந்தேன். எதிர் மேஜையில் ஒரு மாமா போனைப் பார்த்துவிட்டு, "டியூரண்ட் ஹூஸ்டனுக்கு வராராம்!" என்றார். பையன் எழுந்து குதித்தான். மாமா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மீதியையும் படித்தார்: "பதிலுக்கு ஜேலன் கிரீன், டில்லன் புரூக்ஸ், பத்தாவது பிக், அஞ்சு ரெண்டாவது ரவுண்ட்..." பையன் அப்படியே உட்கார்ந்தான். சட்னியில் விரலை வைத்தவன் எடுக்கவே இல்லை. மாமாவுக்குச் சட்டை அப்போதுதான் கண்ணில் பட்டது போலிருக்கிறது. "அடடா, சாரிப்பா" என்றார், அவரே விற்றுவிட்ட மாதிரி.

வீட்டுக்கு வரும் வழியில் பையன் கேட்டது ஒரே கேள்விதான்: "எட்டு மாசம் முன்னாடிதானேம்மா கையெழுத்துப் போட்டாங்க?"

அவன் அப்பா கணக்குப் பிள்ளை மாதிரி விளக்கினார். இரண்டு பக்கச் சம்பளமும் ஏறக்குறைய ஒத்துப்போனால்தான் டிரேட் எளிதாக நடக்கும். டியூரண்டுக்கு வரும் சீசனில் 5.4 கோடிக்கு மேல். கிரீனுக்கு 3.3, புரூக்ஸுக்கு 2.1, கூட்டினால் பொருந்துகிறது. புதுச் சம்பளம் எழுதாமல் விட்டிருந்தால் கிரீனின் ரூக்கி (புதுமுக) ஒப்பந்தம் அந்தக் கோடையோடு முடிந்திருக்கும், இந்தத் தராசு இப்படி நின்றிருக்காது. எனக்கு அதைக் கேட்டதும் பகீர் என்றது. எக்ஸ்டென்ஷன் என்று நாம் மாலை போட்டுக் கொண்டாடினோம், அவர்கள் அதே தாளில் விலைச்சீட்டும் ஒட்டியிருக்கிறார்கள். சரி, தப்பு என்று சொல்லவில்லை. 23 வயதுப் பையனைக் கொடுத்துவிட்டு 37ஐத் தொடப்போகும் ஆளை வாங்குவது புத்திசாலித்தனமா என்று இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். அடுத்த வாரமே எங்கள் அணியின் இன்னொரு இளைஞர் ஜபாரி ஸ்மித்துக்கு 5 ஆண்டுக்கு 12.2 கோடி என்றார்கள். என் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சட்டை வாங்கட்டுமா?" என்றேன். "வேணாம்மா, அவரையும் அனுப்பிடுவாங்க" என்றான்.

*

பிளேனோ, டெக்சஸ்

2025 பிப்ரவரி 1, ராத்திரி பதினொன்றரை. டல்லஸ் அணி எங்கள் லூக்காவை விற்றது. 25 வயது. இதற்கு மேல் எழுத மாட்டேன். நீங்கள் 45 லட்சத்துக்கு அழுகிறீர்கள், பியர்லேண்ட் அக்கா தோசைக்கு அழுகிறார். எங்களை விட்டுவிடுங்கள்.

*

அம்பத்தூர், சென்னை

நான் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு பேரோல் போடுகிறவன், அதனால் ஆட்டத்தைவிடச் சம்பளப் பட்டியல்தான் எனக்கு முதலில் கண்ணில் படும். பிளேனோ அண்ணனுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்.

அக்காவின் தோசை ஆறிய அதே நாளின் ராத்திரி ஆட்டம் எங்களுக்குத் திங்கள்கிழமை காலை 5.30. ஃபைனல்ஸ் ஏழாவது ஆட்டம், ஓக்லஹோமாவும் இந்தியானாவும். முந்தைய மூன்று நாளாக நானும் என் காலேஜ் நண்பனும் ஹோம்கிரென் எக்ஸ்டென்ஷன் பற்றித்தான் அடித்துக்கொண்டோம். அவன் வாதம்: முதல் வருஷம் பாதக் காயத்தில் முழுக்கப் போனது, 2024 நவம்பரில் இடுப்பு எலும்பு உடைந்தது, மூன்று வருஷத்தில் இரண்டு பெரிய அடி, இவனுக்கு எதற்கு முழு விலை? இன்னொரு வருஷம் பார்த்துவிட்டு, வெளியே யாராவது விலை சொன்னால் அதைக் கொடு. நார்மன் அண்ணன் ஹார்டனுக்குச் சொன்ன அதே யோசனைதான் அது, கவனித்தீர்களா? ஆனால் அங்கே வைத்துக்கொள்வதற்குச் சொன்னார், இங்கே இவன் குறைத்துக் கொடுப்பதற்குச் சொல்கிறான்.

முதல் கால் பகுதியிலேயே ஹாலிபர்டன் தரையைத் தட்டிக்கொண்டு விழுந்தார், குதிகால் தசைநாண் அறுந்துவிட்டது. அப்போதே எனக்கு ஆட்டத்தின் ருசி பாதி போய்விட்டது. அம்மா பால் வாங்கிவிட்டு வந்து, "யாருக்குடா அடி?" என்று நின்று பார்த்தார். தண்டர் 103-91 என்று ஜெயித்தது. ஷேய் 29 புள்ளி, 12 அசிஸ்ட். ஹோம்கிரென் 18 புள்ளியோடு 5 பிளாக். ஐந்தாவது பிளாக்குக்கு நண்பனிடமிருந்து ஒரே ஒரு மெசேஜ் வந்தது: "சரி, கொடுத்துத் தொலை."

இப்போது என் தொழில் புத்தி. நார்மன் அண்ணா, 2012இல் தண்டரிடம் மூன்று பேருக்கும் கொடுக்கக் காசு இருந்ததா என்பதைவிட, அன்றைக்குக் கையிருப்பு என்ன இருந்தது என்று பாருங்கள். இன்றைக்கு அவர்களிடம் பிக் மூட்டை மூட்டையாக இருக்கிறது. 2019 ஜூலையில் பால் ஜார்ஜைக் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து ஷேயையும் ஐந்து முதல் சுற்று பிக்கையும் வாங்கினார்கள். அதில் ஒன்றுதான் 2022இல் 12வது பிக்காக வந்த ஜேலன் வில்லியம்ஸ். ஆடம்ஸும் 12, இவரும் 12! அதனால் யாராவது கிளம்பினாலும் அந்த இடத்தில் குறைந்த ரூக்கி சம்பளத்தில் ஒரு பையன் வந்து நிற்பான்.

கிளம்பத்தான் போகிறார்கள். ஹோம்கிரெனுக்கும் வில்லியம்ஸுக்கும் புதுச் சம்பளம் 2026-27இல் ஆரம்பிக்கிறது. அதே வருஷம் ஹார்ட்டன்ஸ்டைன், டோர்ட் இரண்டு பேரையும் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது அணியின் கையில். அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு இரண்டாவது ஏப்ரன் என்று 2023இல் ஒரு கோடு போட்டார்கள். அதைத் தாண்டினால் வரி மட்டுமில்லை, இரண்டு மூன்று பேர் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை வாங்கும் வழியே அடைபட்டுவிடும். நான் எக்ஸெலில் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒருவராவது போயே ஆக வேண்டும். நண்பன் டோர்ட் என்கிறான், நான் ஹார்ட்டன்ஸ்டைன் என்கிறேன். பந்தயம் ஒரு பிரியாணி.

*

நார்மன், ஓக்லஹோமா

தம்பி, எக்ஸெலை மதுரைக்காரனுக்கு அனுப்பியிருக்கிறேன். பதிமூன்று வருஷம் கழித்து ஒரு ஆதரவு கிடைத்திருக்கிறது அவனுக்கு, விடவா போகிறான்.

தங்கச்சி, பையனுக்கு ஒன்று சொல்லுங்கள். 2025 அக்டோபர் 21, சாம்பியன்களுக்கு மோதிரம் கொடுத்த நாள், மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எதிரே உங்கள் ஹூஸ்டன். டியூரண்டும் அங்கே, ஆடம்ஸும் அங்கே. என் 2012 முழுக்க வேறு நிறச் சட்டையில் நிற்கிற மாதிரி இருந்தது. டியூரண்ட் பந்தைத் தொட்டாலே அரங்கம் ஊளையிட்டது. பத்து வருஷம் ஆகப்போகிறது, இந்த ஊர் மறக்கிற ஊரில்லை. இரண்டு ஓவர்டைம் போய், 2.3 விநாடி இருக்கும்போது டியூரண்டின் ஆறாவது ஃபவுல், ஷேய் இரண்டு ஃப்ரீ த்ரோவும் போட்டு 125-124 என்று முந்தினோம். கடைசியாக உங்கள் ஜபாரி ஸ்மித் போட்டது விழவில்லை. விழுந்திருந்தால் உங்கள் பையன் சட்டை கேட்டிருப்பான்.

வீட்டுக்கு வந்ததும் மகள் பழைய பெட்டியைக் குடைந்து அந்த ஒட்டுத் தாடியை எடுத்துவிட்டாள். எலாஸ்டிக் தொய்ந்து, முடி பாதி உதிர்ந்து, எலி கடித்த துடைப்பம் மாதிரி இருந்தது. மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள். "அப்பா, இது கிளிப்பர்ஸ்ல ஆடறாரே, அந்தத் தாத்தாவோட தாடிதானே?" என்றாள்.

அவருக்கு 36தான் ஆகிறது என்றேன்.