மாம்பழத் தோலில் நானோ வெள்ளி: நிறம் மாறினால் போதுமா?

ரங்கூன்_செல்வி:
அப்பா ரங்கூனில் பழச்சாறு கடை வைத்திருக்கிறார். தண்ணீர்த் திருவிழா முடிந்து செய்ன்தலோன் மாம்பழம் வரத் தொடங்கினால் தோல் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகும். வேதியியல் படிக்கும் தம்பி அந்தத் தோலை வேகவைத்து வடிகட்டி, சில்வர் நைட்ரேட் கரைசல் கலந்தான். வெளிர் மஞ்சள் மெல்ல மெல்லப் பழுப்பாகிவிட்டது. கிருமியைக் கொல்லும் நானோ வெள்ளி, அதாவது கண்ணுக்கே தெரியாத நுண் வெள்ளித் துகள், இதுதான் என்கிறான், உண்மையா? அம்மா காலில் ஆறாத சர்க்கரைப் புண் இருக்கிறது, துணியில் நனைத்துக் கட்டலாமா?

மோல்மேன்_முத்து:
தங்கச்சி, கட்டவே கட்டாதீங்க. மிச்சமிருக்கும் சில்வர் நைட்ரேட் சதையை அரிக்கும், அந்தச் சாறும் கிருமி நீக்கியது இல்லை. ஆஸ்பத்திரியில் வெள்ளி கலந்த கட்டுத்துணி உண்டுதான், ஆனால் அது அளவு பார்த்து, கிருமி நீக்கிச் செய்தது. சர்க்கரைப் புண்ணில் விளையாடினால் காலுக்கே ஆபத்து, இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

தம்பி சொன்ன அடிப்படை சரி. தோலிலுள்ள பாலிபீனால்கள் என்ற தாவரப் பொருள்கள் எலக்ட்ரானைக் கொடுத்து, கரைசலில் மின்னேற்றத்தோடு இருக்கும் வெள்ளி அயனியை வெள்ளி அணுவாக்குகின்றன, அணுக்கள் கூடித் துகளாகின்றன, தோலிலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருள் போன்றவை துகள்மேல் படிந்து கட்டி தட்டாமல் காக்கின்றன. பழுப்பு நிறம் அந்தத் துகளால் வரலாம், ஆனால் தோல் சாறே வைத்திருந்தால் கருக்கும், அதனால் கண்ணை நம்பாமல் கரைசல் எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கல்லூரி ஸ்பெக்ட்ரோமீட்டரில், 400 முதல் 450 நானோமீட்டர் அலைநீளத்துக்குள் வரைபடத்தில் ஒரு மேடு வருகிறதா பார்க்கச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள குளோரைடு பட்டால் வெள்ளி பால்போல் திரிந்துவிடும்.

ஆய்வகத்து_அக்கா:
முத்து அண்ணே சொன்னதோடு ஒன்று. மேடு வந்தாலும் கிருமியைக் கொல்வது நானோதான் என்று ஆகாது, கரையாமல் நிற்கும் துகளைவிட மிச்ச வெள்ளி அயனியே கிருமியை நன்றாகக் கொல்லும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கரைசலை வேகமாகச் சுழற்றித் துகளைப் பிரித்து, காய்ச்சி வடித்த நீரில் கழுவி, அப்புறம் கிருமி பரப்பிய அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டு) குழி போட்டு வைக்கணும். பக்கத்துக் குழிகளில் வெறும் தோல் சாறு, வெறும் சில்வர் நைட்ரேட், தெரிந்த ஆன்டிபயாடிக் ஒன்று. இவை இல்லாமல் துகளைச் சுற்றி வரும் தெளிந்த, கிருமி வளராத வளையத்துக்கு அர்த்தமே இல்லை. பழம் காயா கனியா என்பதைப் பொறுத்துத் தோலின் பாலிபீனாலும் மாறும், ஒரே நாள் தோலை உலர்த்திப் பொடித்து வைத்துக்கொண்டு அதிலேயே எல்லாச் சோதனையும் செய்யட்டும்.

ரங்கூன்_செல்வி:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. அம்மாவை இப்போதே கூட்டிப் போகிறோம். மிச்சக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றலாமா?

ஆய்வகத்து_அக்கா:
கூடாதும்மா, வெள்ளி மீனுக்கும் நீர்ப்பாசிக்கும் விஷம். மூடிபோட்ட பாட்டிலில் பெயர் எழுதி, கல்லூரி ஆய்வகக் கழிவோடு சேர்க்கச் சொல்லு. கையில் பட்டால் கறுக்கும், கையுறை போடட்டும்.