கேரமில் கட்டைவிரல் செல்லுமா, செல்லாதா?

அரியர்_இல்லாதவன் | பிற்பகல் 2:10
'கல்லூரி முடித்தவர்களின் ஒரு நாள்' இழையில் நான் எழுதியது நாலே வரி. பி.இ. மெக்கானிக்கல் முடித்து மூன்று மாதம் ஆகிறது. காலையில் குரூப் 4-க்குப் படிப்பு, மதியம் ரேஷன் கடை, கரன்ட் பில் என்று வீட்டு வேலை, சாயங்காலம் தெருமுனை மன்றத்தில் கேரம். நேற்று கட்டைவிரலால் ரெட் (சிவப்புக் காய்) போட்டு, அதை உறுதிசெய்ய அடுத்துப் போட வேண்டிய காயான ஃபாலோவும் போட்டேன். இவ்வளவுதான். அதற்குப் பழைய_ஸ்ட்ரைக்கர் ஐயா எழுதிய பதிலை அப்படியே ஒட்டுகிறேன்: "கட்டைவிரலால் அடிப்பது கள்ளாட்டம். விளையாட்டிலேயே குறுக்கு வழி தேடுகிறவனுக்கு வேலை எங்கிருந்து கிடைக்கும்?" வேலையை இழுத்ததால்தான் தனி இழை போடுகிறேன். ஐயா, எது கள்ளாட்டம்?

பழைய_ஸ்ட்ரைக்கர் | 2:24
சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன் தம்பி. நான் 1987-லிருந்து ஆடுகிறேன். ஆபீஸ் போட்டியில் மூன்று கோப்பை வாங்கியவன். காய்களை அடிக்கும் பெரிய வட்டு, அதாவது ஸ்ட்ரைக்கரை ஆள்காட்டி விரலால் சுண்ட வேண்டும். கட்டைவிரல் கோலி ஆடுவதற்கு.

சும்மா_வந்தேன் | 2:31
கோலியில் கட்டைவிரலைத் தரையில் ஊன்றி, சுண்டுவது நடுவிரலால். ஐயா கோலியும் ஆடியதில்லை போலிருக்கிறது.

விதிப்புத்தகம் | 2:40
சண்டைக்கு முன் ஒரு விஷயம். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-ல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. அதன் விதிப்படி கட்டைவிரல் உட்பட எந்த விரலாலும் அடிக்கலாம். ஸ்ட்ரைக்கரைத் தள்ளத்தான் கூடாது. அதனால் முதலில் 'சுண்டுவது' என்றால் என்ன, 'தள்ளுவது' என்றால் என்ன என்று பேசி முடித்துவிட்டு மற்றதற்குப் போகலாமா?

பழைய_ஸ்ட்ரைக்கர் | 2:46
கட்டைவிரலால் அடித்தால் அது தள்ளுவதுதான். இதில் பேசி முடிக்க என்ன இருக்கிறது?

அரியர்_இல்லாதவன் | 2:52
ஐயா, அவர் 'கட்டைவிரல் உட்பட' என்று எழுதியிருக்கிறார். உட்பட. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

பழைய_ஸ்ட்ரைக்கர் | 2:55
கண்ணாடி இல்லாமலே மூலைக் காயை ரீபவுண்டில் போடுவேன். நேரில் வா.

மாடிவீட்டு_மல்லி | 3:20
நானும் இந்த வருஷம்தான் பி.காம். முடித்தேன். என் சாயங்காலமும் கேரம்தான், ஆனால் மாடியில், என் பாட்டியோடு. ஏன் மாடியில்? எங்கள் தெரு மன்றத்தில் பெண் பிள்ளைகள் உட்கார்ந்தால் 'இருட்டிப் போச்சு, வீட்டுக்குப் போம்மா' என்பார்கள். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் 3 தங்கம் வாங்கி வந்த காசிமா நம் சென்னைப் பெண். அப்போது இதே மன்றத்து அண்ணன்கள்தான் பேனர் கட்டினார்கள். கட்டைவிரலை விடுங்கள், எங்களுக்கு அந்தப் பலகையில் எந்த விரலும் செல்லாது.

அரியர்_இல்லாதவன் | 3:26
எங்கள் மன்றத்தில் அப்படியெல்லாம் இல்லை.

மாடிவீட்டு_மல்லி | 3:27
எத்தனை பெண்கள் ஆடுகிறார்கள்?

அரியர்_இல்லாதவன் | 3:41
யாரும் வருவதில்லை. அதற்கு நாங்கள் என்ன செய்வது?

மாடிவீட்டு_மல்லி | 3:42
பதினான்கு நிமிடம் யோசித்து எழுதிய பதில் இது. பலே.

பழைய_ஸ்ட்ரைக்கர் | 3:50
அந்தப் பெண் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இழை கட்டைவிரலைப் பற்றியது. மரிய இருதயத்தைக் கேள்விப்பட்டதுண்டா? 1991-லும் 1995-லும் உலக சாம்பியன், 1996-ல் அர்ஜுனா விருது. கேரமுக்கு அர்ஜுனா வாங்கிய முதல் ஆள். அவரும் நம் சென்னைதான். அவரெல்லாம் ஆடிய ஆட்டத்தில் வந்து கட்டைவிரலை நீட்டுகிறாய்.

விதிப்புத்தகம் | 3:58
அவர் அர்ஜுனா வாங்கியதற்கும் உங்கள் வாதத்துக்கும் என்ன தொடர்பு? அவர் எங்காவது கட்டைவிரல் கூடாது என்றாரா?

பழைய_ஸ்ட்ரைக்கர் | 4:03
கூடும் என்றாரா?

தூத்துக்குடி_காற்று | 4:30
எல்லாரும் விரலைப் பார்க்கிறீர்கள், பவுடரைப் பார்க்க ஆளில்லை. பலகை வழுக்கினால் காலால் அடித்தாலும் காய் விழும். எங்கள் ஊரில் போரிக் பவுடர் இல்லையென்றால் முகத்துக்குப் போடும் பவுடரைக் கொட்டுவார்கள். ஈரக் காற்றில் அது ஒட்டிக்கொண்டு ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் நிற்கும்.

சும்மா_வந்தேன் | 4:34
பலகை மணக்குமே, அதைச் சொல்லுங்கள்.

தூத்துக்குடி_காற்று | 4:36
கிண்டல் வேண்டாம். நான் எலெக்ட்ரிக்கல் டிப்ளமா. பலகைக்கு மேல் 100 வாட்ஸ் குண்டு பல்பைத் தாழ்வாகத் தொங்கவிட்டு, அந்தச் சூட்டில் ஈரத்தை ஓட்டுவதே நான்தான்.

பழைய_ஸ்ட்ரைக்கர் | 4:45
பல்பு சூட்டில் பலகை வளையும். நல்ல பலகையைப் பாழாக்குவதற்கு ஒரு டிப்ளமா. எங்கள் காலத்தில் பலகையை வெறும் துணியால் துடைத்து, சிட்டிகை பவுடர், அவ்வளவுதான். அப்புறம், கட்டைவிரல் செல்லாது.

தூத்துக்குடி_காற்று | 4:47
எங்கள் பலகை வளையவில்லை. ஐந்து வருஷமாகிறது.

அரியர்_இல்லாதவன் | 5:05
நான் ஏன் கட்டைவிரலால் அடிக்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டு ஒர்க் ஷாப்பில் வைஸைக் கழற்றும்போது ஆள்காட்டி விரல் நசுங்கியது. நகம் வளர்ந்துவிட்டது, ஆனால் மேல் கணு முழுதாக மடங்காது. சுண்டினால் நகத்தின் ஓரம் ஸ்ட்ரைக்கரில் பட்டு, கண்ணில் தண்ணீர் வந்துவிடும். நாலு மாதம் பலகைப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, பிறகு இடது கையால் பழகி, அதுவும் சரிவராமல் கடைசியில் கட்டைவிரலுக்கு வந்தேன். மேஜையில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துச் சுண்டிச் சுண்டி ஆறு மாதம் பழகியது. ஸ்ட்ரைக்கரை வைக்கும் கோடான பேஸ்லைனுக்குப் பின்னால் கிடக்கும் காய்க்கு இதைவிட நல்ல அடி கிடையாது. உள்ளங்கையைப் பலகையில் வைத்து, நம் பக்கமே திருப்பி அடிக்கலாம்.

பழைய_ஸ்ட்ரைக்கர் | 5:12
விரல் நசுங்கியதற்கு வருத்தம். ஆனால் கையில் நடுவிரல் என்று ஒன்று இருக்கிறதே?

சும்மா_வந்தேன் | 5:13
ஐயாவுக்கு அவர் நடுவிரலைக் காட்டாமல் இருப்பதே பெரிய மரியாதை.

பழைய_ஸ்ட்ரைக்கர் | 5:20
இந்த மாதிரி பேச்சுக்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை. ஆனால் சொல்கிறேன். நீ எந்த ஊர், எந்தத் தெரு? ஒரு கேம் ஆடுவோம். பாயின்ட் ஆட்டம் வேண்டாம். கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, ரெட்டுக்கு 50 என்று பசங்க ஆடுவார்களே, அது வேண்டாம். முறைப்படி 25 பாயின்ட் கேம். 15 கிராம் ஸ்ட்ரைக்கர் நானே கொண்டு வருகிறேன்.

விதிப்புத்தகம் | 5:26
முறைப்படி என்றால் கட்டைவிரலும் செல்லும். அந்த முறையைத்தான் மதியத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பழைய_ஸ்ட்ரைக்கர் | 5:28
நீங்கள் கேரம் ஆடுவீர்களா, படிக்க மட்டும்தானா?

விதிப்புத்தகம் | 5:30
மாவட்டப் போட்டியில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன்.

பழைய_ஸ்ட்ரைக்கர் | 5:31
அப்போது ஆட மாட்டீர்கள். அதைத்தான் கேட்டேன்.

மாடிவீட்டு_மல்லி | 5:50
என் பாட்டிக்கு 71 வயது. கட்டைவிரலில்தான் அடிக்கிறார், யார் சொல்லிக்கொடுத்தும் இல்லை. ரெட்டை மட்டும் கடைசி வரை தொட மாட்டார், மற்ற காயெல்லாம் போன பிறகு ஒரே அடி. அவரும் கள்ளாட்டமா ஐயா?

பழைய_ஸ்ட்ரைக்கர் | 5:58
பெரியவர்களைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் கடைசி காய்க்கு முன்னால் ரெட்டைப் போட்டே ஆக வேண்டும். கடைசியில் ரெட் போட்டால் ஃபாலோவுக்கு எதைப் போடுவார்? அங்கேயே பாட்டி தோற்றார்.

மாடிவீட்டு_மல்லி | 6:01
என் பாட்டியைத் தோற்கடிக்க இதுவரை எங்கள் மாடி ஏறிய ஆள் யாரும் இல்லை. வீட்டு விதி அவருடையது.

அரியர்_இல்லாதவன் | 6:04
பார்த்தீர்களா, பாட்டிக்கு ஒரு நீதி, எனக்கு ஒரு நீதி. 'வேலை எங்கிருந்து கிடைக்கும்' என்று எழுதினீர்களே, அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. குரூப் 4-ல் 200 கேள்வி, அதில் தமிழ் மட்டும் 100. காலை 5 மணிக்கு எழுந்து இலக்கணம் படிக்கிறேன். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் ஆடுவது அதற்குக் குறுக்கே நிற்கிறதா?

பழைய_ஸ்ட்ரைக்கர் | 6:10
பத்தாம் வகுப்புத் தகுதிக்கு வைக்கிற தேர்வை பி.இ. முடித்துவிட்டு எழுதுகிறாய். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னேனா?

அரியர்_இல்லாதவன் | 6:11
இப்போது சொல்லிவிட்டீர்கள்.

தூத்துக்குடி_காற்று | 6:15
நானும் அதே தேர்வுதான் எழுதுகிறேன். ஐயா, உங்கள் காலத்து வேலை ஆபீஸ் வாசலில் காத்துக்கொண்டிருந்தது. எங்கள் காலத்து வேலைக்கு நாங்கள் காத்துக்கொண்டிருக்கிறோம். கேரமாவது ஆட விடுங்கள்.

பழைய_ஸ்ட்ரைக்கர் | 6:22
யார் காத்திருந்தது? 1989-ல் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்துவிட்டு நான்கு வருஷம் உட்கார்ந்திருந்தேன். அந்த நான்கு வருஷமும் எனக்குச் சோறு போட்டது அப்பா, புத்தி கலங்காமல் பார்த்துக்கொண்டது கேரம். அப்போதும் ஆள்காட்டி விரல்தான்.

சும்மா_வந்தேன் | 6:25
அப்படியானால் தம்பி செய்வதையே நீங்களும் செய்திருக்கிறீர்கள். விரல்தான் வேறு.

பழைய_ஸ்ட்ரைக்கர் | 6:27
விரல்தானப்பா விஷயமே!

அரியர்_இல்லாதவன் | 6:30
மன்றத்தில் லைட் போட்டாயிற்று, போகிறேன். ராத்திரி வந்து படிக்கிறேன்.

பழைய_ஸ்ட்ரைக்கர் | 6:33
எந்த மன்றம் என்று சொல்லிவிட்டுப் போ.

தூத்துக்குடி_காற்று | 7:10
பல்பால் பலகை வளைந்ததை நேரில் பார்த்தவர் யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் படம் போடுங்கள்.

பழைய_ஸ்ட்ரைக்கர் | 9:48
தம்பி வந்தாயா? ஆட்டத்தில் என்ன ஆயிற்று? ரெட் போட்டாயா? எந்த விரல்?