சீன எழுத்து ‘ஹுவான்’ (患): நோயா, கவலையா? அனுபவங்களைப் பகிருங்கள்

பதிவு 1
சீன ஆஸ்பத்திரிப் படிவத்தில் ‘ஹுவான்ஜ’ என்றால் நோயாளி. அதே ஹுவான், கன்பூசியஸின் மொழிகளைத் தொகுத்த லுன்யு நூலின் முதல் அதிகாரத்துக் கடைசி வரியில் இரண்டு முறை வருகிறது: பிறர் தன்னை அறியவில்லையே என்று கவலைப்படாதே, பிறரைத் தான் அறியவில்லையே என்று கவலைப்படு. அங்கே நோய் என்று வைத்தால் வரியே நிற்காது. சொல்லுக்குப் பின்னால் வருவதைப் பாருங்கள். நோயின் பெயர் வந்தால் ‘பீடிக்கப்பட்டு’. முன்னால் ‘பு’ என்ற எதிர்மறை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பின்னால் ஒரு முழுச் செய்தி வந்தால் கவலை. எழுத்தே சொல்கிறது: கீழே இதயம், மேலே இரண்டு பெட்டிகளைத் துளைத்து இறங்கும் கோடு. இதயத்தில் பாய்ந்த கம்பி.

பதிவு 2
கம்பிக் கதை மனப்பாடத்துக்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம். மேல்பகுதி ஒலிக்காக வைத்தது. அதைத் தனியாகக் ‘குவான்’ என்றும் படிப்பார்கள்; ஹுவானுக்கு நெருங்கிய ஒலி. பொருள் தருவது கீழே உள்ள இதயம்தான். கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் தொகுத்த அகராதியும் இதற்குக் கவலை என்றே பொருள் தருகிறது.
உங்கள் விதியில் மூன்றாவது பொருள் விட்டுப்போயிற்று: ஆபத்து. தீயணைப்பு அறிவிப்புகளில் வரும் ‘யின்ஹுவான்’ மறைந்திருக்கும் நோய் இல்லை; படிக்கட்டை அடைத்த சாமான், உரிந்த மின்கம்பி மாதிரி விபத்துக்கு வழிவைப்பது. ‘ஷுய்ஹுவான்’ வெள்ளச் சேதம்.

பதிவு 3
புதிதாகப் படிப்பவர்கள் இதைப் பேச்சில் தனியாகப் போடாதீர்கள். உடம்பு சரியில்லை என்பதற்கு ‘ஷெங்பிங்’, கவலைக்கு ‘தான்ஷின்’, நோயாளிக்குப் பேச்சில் ‘பிங்ரென்’ போதும். ஹுவான் எழுத்து நடைக்குரியது. தொனியும், அதாவது குரலின் ஏற்ற இறக்கமும், முக்கியம்: சீனத்தின் நான்கு தொனிகளில் இது நான்காவது, மேலிருந்து சட்டென்று இறங்க வேண்டும். உயரத்திலேயே சமமாக நீட்டினால் முதல் தொனி; அது மகிழ்ச்சி, வரவேற்புப் பலகையில் இருக்கும் ஹுவான். நோயாளியை விசாரிக்கப் போன இடத்தில் அந்தத் தவறு நன்றாக இருக்காது. நான்காவது தொனியிலேயே ‘மாற்று’ என்று இன்னொரு ஹுவானும் உண்டு. அதனால் ஒலியை மட்டும் நம்பாமல் ஜோடிச் சொல்லோடு சேர்த்துப் படியுங்கள்.

பதிவு 4
எல்லாரும் ஹுவானிலேயே நிற்கிறீர்கள். பதிவு 3 சொன்ன சாதாரண நோய்ச்சொல் ‘பிங்’கும் இதே வேலையைச் செய்யும். லுன்யு 15ஆம் அதிகாரத்தில், சான்றோன் தன் திறமைக்குறையை நினைத்தே வருந்துவான் என்ற இடத்தில் வினைச்சொல் பிங்தான். தாவோ ஞானி லாவ் ட்ஸுவின் ‘தாவோ தே ஜிங்’ நூலின் 71ஆம் பகுதியில் ‘பிங் பிங்’ என்று அடுத்தடுத்து வரும்: முதல் பிங் வினை, அடுத்தது பெயர். நோயை நோயென்று உணர்ந்து கவலைப்படுபவனுக்கு நோயில்லை என்பது பொருள். இரண்டையும் பெயராகப் படித்தால் வரி பிடிபடாது.