அவசரம்: பவர்பாயிண்ட்ல அனிமேஷன் ஒண்ணுமே ஓடல, நாளைக்கு கிளாஸ் இருக்கு

பயோ_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். என் பிபிடில போட்ட அனிமேஷன் எதுவுமே வரல. வீட்ல நல்லா ஓடுச்சு, ஸ்கூல்ல போட்டா எல்லாம் ஒரே அடியா வந்து நிக்குது, ஒண்ணும் அசைய மாட்டேங்குது. நாளைக்கு பத்தாம் கிளாஸுக்கு இதயம் எடுக்கணும், ரத்தம் எந்த வழியா போய் எந்த வழியா திரும்புதுன்னு ராத்திரி ரொம்ப நேரம் உக்காந்து செஞ்சது. என்ன பண்ணணும்னு யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ். சாயங்காலம் வரைக்கும் லேப்லதான் இருப்பேன்.

நெல்லை_மணி:
டீச்சர், வீட்ல எந்த வெர்ஷன், ஸ்கூல்ல எந்த வெர்ஷன்? ஸ்கூல் சிஸ்டம் விண்டோஸா லினக்ஸா? பவர்பாயிண்ட்லதான் தொறக்கீங்களா, இல்ல லிப்ரேஆபீஸ், டபிள்யூபிஎஸ் மாதிரி வேற சாஃப்ட்வேர் எதுலயாச்சுமா? இது தெரியாம ஒண்ணும் சொல்ல முடியாது.

சிப்லெவல்_சர்வீஸ்:
இது டிஸ்ப்ளே டிரைவர், அதாவது திரையில படம் காட்டற சாஃப்ட்வேர், அதோட பிரச்சனைதான் மேடம். எங்க கடைக்கு இந்த மாதிரி நிறைய வருது, பழைய சிஸ்டத்துல ப்ரொஜக்டர மாட்டினா கிராஃபிக்ஸ் தாங்காது. ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போங்க, கீழ டிஸ்ப்ளேன்னு ஒரு பகுதி இருக்கும், அதுல டிசேபிள் ஹார்ட்வேர் கிராஃபிக்ஸ் ஆக்ஸலரேஷன்னு இருக்கறதுக்கு டிக் போட்டு பவர்பாயிண்ட்ட மூடித் தொறங்க. சரியாகலைன்னா டிரைவர் புதுசா போடணும்.

யாழ்_வாசகன்:
ஃபைலை எப்பிடி பள்ளிக்கூடத்துக்கு கொண்டு போனனீங்கள்? பென் டிரைவிலயோ மெயிலிலயோ? இடையில ஆரும் கூகுள் ஸ்லைட்ஸில திறந்து திருப்பி இறக்கினவையோ? அதில எஃபெக்ட் கொஞ்சம்தான் இருக்கு, பவர்பாயிண்டில போட்ட எல்லாம் அங்க மிஞ்சாது. பழைய 97-2003 ஃபோர்மட்டில சேவ் பண்ணினாலும் சில சாமான் போயிடும்.

பிட்டும்_பைட்டும்:
இதே கேள்வி இங்க எத்தனையோ தடவை வந்தாச்சு, தேடிப் பாத்துட்டு கேட்டா எல்லாருக்கும் நேரம் மிச்சம். சரி, கேட்டுட்டீங்க. "ஓடல"ன்னா என்ன அர்த்தம்? அனிமேஷன்ஸ் டேபை கிளிக் பண்ணா படத்துக்குப் பக்கத்துல 1, 2, 3 ன்னு சின்ன நம்பர் தெரியுதா? தெரியலைன்னா எஃபெக்ட் ஃபைல்லயே இல்ல, யாழ்_வாசகன் சொல்ற மாதிரி வழியில தொலைஞ்சிருக்கு. நம்பர் தெரியுது, ப்ரிவ்யூ அடிச்சா ஓடுது, எஃப்5 அடிச்சு ஷோவா போட்டா மட்டும் ஓடலைன்னா அது வேற வியாதி. இந்த ரெண்டுல எதுன்னு பாக்காம டிரைவர மாத்துங்கன்னு சொல்றவங்க சொந்த கம்ப்யூட்டர்ல மாத்திப் பாக்கட்டும்.

சிப்லெவல்_சர்வீஸ்:
சார் நான் தினமும் கையில எடுத்து பாக்குறவன், புத்தகத்துல படிச்சு சொல்லல. டிரைவர் போட்டு சரியானது எத்தனையோ இருக்கு.

பிட்டும்_பைட்டும்:
டிரைவர் கோளாறுன்னா திணறும், திரை கருப்பாகும், விட்டு விட்டு ஓடும். எல்லாப் படமும் அழகா வந்து நின்னு ஒண்ணு கூட அசையலைன்னா அது டிரைவர் இல்ல.

லினக்ஸ்_தம்பி:
லிப்ரேஆபீஸ் இம்ப்ரெஸ்ல போட்டுப் பாருங்க அக்கா, இலவசம், எல்லா ஸ்கூல்லயும் இதத்தான் போடணும். ஸ்லைடு ஷோ செட்டிங்ஸ்ல அனிமேஷன்ஸ் அலவ்டுன்னு ஒண்ணு இருக்கும், அத மட்டும் ஆன் பண்ணுங்க.

பிட்டும்_பைட்டும்:
தம்பி, அது ஜிஃப் படத்துக்கு. அத எடுத்தா ஜிஃப்போட முதல் காட்சி மட்டும் நிக்கும், அவ்வளவுதான். டீச்சர் போட்டிருக்கற எஃபெக்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அவங்க எதுல தொறக்குறாங்கன்னே இன்னும் சொல்லல, அதுக்குள்ள சாஃப்ட்வேர மாத்தச் சொல்றீங்க.

சாக்பீஸ்:
நான் ரிட்டையர்டு சயின்ஸ் வாத்தியார். கேக்குறேன், இதயத்துக்கு எதுக்கும்மா அனிமேஷன்? நீலம் சிவப்பு சாக்பீஸ் எடுத்து போர்டுல படிப்படியா வரைஞ்சா பசங்களும் கூடவே நோட்டுல வரைவாங்க, கை போற வழியிலதான் பாடம் ஏறும். வில்லியம் ஹார்வி 1628ல ரத்த ஓட்டத்தப் பத்தி புத்தகம் போட்டப்ப கையில துணியக் கட்டித்தான் சிரையில வால்வு இருக்கறத காட்டினார். கரண்ட் போனாலும் போர்டு இருக்கும்.

கரூர்_கமலம்:
சார், நானும் பயாலஜிதாங்க எடுக்குறேன். வரையறது நல்லதுதாங்க, நானும் வரைய வைப்பேன். ஆனா ரெண்டு வெண்ட்ரிக்கிளும், அதாங்க இதயத்தோட கீழறைங்க, ஒரே நேரத்துல சுருங்குதுன்னு போர்டுல எப்படிங்க காட்டுவீங்க? அம்புக்குறிய ஒண்ணு ரெண்டுன்னு வரிசையா போட்டா, முதல்ல வலது பக்கம் அடிக்குது அப்புறம் இடது பக்கம் அடிக்குதுன்னு பசங்க எழுதி வச்சிருவாங்க, பரீட்சை பேப்பர்ல பாத்து வருத்தமா இருக்கும். பவர்பாயிண்ட்ல வித் ப்ரீவியஸ்னு, அதாவது முந்தின எஃபெக்ட்டோட சேர்ந்தே ஓடற மாதிரி வச்சு ரெண்டு புள்ளியையும் சேர்ந்து நகர விட்டா ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம்ங்க, ஒண்ணு நுரையீரலுக்கு, ஒண்ணு உடம்புக்குன்னு அவங்களே சொல்றாங்க. நுரையீரல் தமனியில ஆக்சிஜன் இல்லாத ரத்தம் போகுதுங்கறதும் அப்படித்தாங்க, தமனின்னாலே சிவப்புன்னு மனசுல பதிஞ்சு போச்சு, நீலப் புள்ளி அதுக்குள்ள போறத கண்ணால பாத்தாத்தான் மாறும்.

சாக்பீஸ்:
ரெண்டு முஷ்டியையும் ஒண்ணா மூடிக் காட்டுவேன்மா, அதுக்கு எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம். பசங்களையும் மூடச் சொல்லுவேன்.

கரூர்_கமலம்:
அது நல்லா இருக்குங்க சார், நானும் செஞ்சு பாக்குறேன். ஆனா ரத்தம் போற பாதை முஷ்டியில தெரியாதுங்களே.

நெல்லை_மணி:
ரெண்டு பேரும் தனியா பேசிக்கோங்க, டீச்சருக்கு நாளைக்கு கிளாஸ் இருக்கு.

பயோ_டீச்சர்:
மன்னிக்கணும், இப்பதான் பாத்தேன். வீட்ல மைக்ரோசாஃப்ட் 365, ஸ்கூல்ல பவர்பாயிண்ட் 2013, விண்டோஸ்தான். போன வாரம் பென் டிரைவ்ல கொண்டு வந்து லேப் சிஸ்டத்துல போட்டு வச்சது. டிக் போட்டு மூடித் தொறந்தேன், மாறல. நம்பர் தெரியுது, ப்ரிவ்யூ அடிச்சா புள்ளி நகருது, எஃப்5ல மட்டும் இல்ல. இன்னொண்ணு, கடைசி ஸ்லைடுல இதயம் பெருசாகி உள்ள போற மாதிரி மார்ஃப்னு ஸ்லைடு மாறற எஃபெக்ட் வச்சிருந்தேன், அது சும்மா மங்கி மாறுது.

பிட்டும்_பைட்டும்:
இத முதல்லயே சொல்லியிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும். ஸ்லைடு ஷோ டேப், செட் அப் ஸ்லைடு ஷோ, அதுல ஷோ வித்தவுட் அனிமேஷன்னு ஒரு பாக்ஸ்ல டிக் இருக்கும். எடுத்துட்டு ஓகே குடுத்து சேவ் பண்ணுங்க. அந்த டிக் கம்ப்யூட்டர்ல இல்ல, ஃபைலுக்குள்ளயே போய் உக்காரும், அதனால வீட்டுல இருக்கற காப்பி நல்லாவும் ஸ்கூல் காப்பி இப்படியும் இருக்கு.

பயோ_டீச்சர்:
டிக் இருந்துச்சு, எடுத்தேன், ஓடுது!! வேற சார் ஒருத்தர் ரிவிஷனுக்கு இதே ஃபைல போட்டாராம், ஒவ்வொண்ணுக்கும் கிளிக் பண்ண வேண்டாம்னு டிக் போட்டிருக்கார். எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மார்ஃப் மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கு. லேப் பூட்டுறாங்க, கிளம்புறேன்.

நெல்லை_மணி:
டீச்சர், மார்ஃப் 2013ல வராது, அது பின்னால வந்த வெர்ஷன்ல சேத்தது, பழசுல தொறந்தா ஃபேடாத்தான் தெரியும், எந்த செட்டிங் மாத்தினாலும் வராது. ராத்திரி வீட்ல 365ல ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க. அந்த ஸ்லைடுல மார்ஃப் எடுத்துட்டு படத்துக்கு பெருசாக்கற க்ரோ/ஷ்ரிங்க் எஃபெக்ட் போட்டு கூடவே படத்த நகத்தற ஒரு மோஷன் பாத் வித் ப்ரீவியஸ்ல வைங்க, ரெண்டுமே பழைய எஃபெக்ட், 2013ல ஓடும். இல்லைன்னா, மார்ஃபே வேணும்னா, அந்த ரெண்டு ஸ்லைட மட்டும் தனி ஃபைலாக்கி எக்ஸ்போர்ட்ல கிரியேட் எ வீடியோ குடுத்து எம்பி4 ஆக்கி கொண்டு போங்க. மொத்தத்தையும் வீடியோ ஆக்கிராதீங்க, பசங்க சந்தேகம் கேக்கும்போது கிளிக்க நிறுத்தி வச்சு பேச முடியாது. அப்புறம் ஸ்கூல் சிஸ்டத்துல உங்க பேர்ல ஒரு ஃபோல்டர் போட்டு தனி காப்பி வச்சுக்கோங்க, ரிவிஷனுக்கு குடுக்கறது வேற காப்பியா இருக்கட்டும்.

சாக்பீஸ்:
டீச்சர், கிளாஸ் முடிஞ்சதும் பசங்கள ஒரு தடவ பாக்காம வரையச் சொல்லிப் பாருங்க. நுரையீரல் தமனிக்கு எத்தனை பேர் நீலம் அடிச்சாங்கன்னு இங்க வந்து சொல்லணும்.