சாக் நாலரை, உடம்பு நூற்றுக்கு நூறு: 17-ஆவது இடத்தில் ஸ்டூவர்ட்டை எடுக்கலாமா?

மேசன்_வாசி | 19 ஏப்ரல் 2025

வியாழக்கிழமை என்.எஃப்.எல். டிராஃப்ட், அமெரிக்க ஃபுட்பால் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாள். நம் சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு 17-ஆவது இடம். எல்லாக் கணிப்புகளிலும் ஒரே பெயர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது: டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஷெமார் ஸ்டூவர்ட். டிஃபென்சிவ் எண்ட், அதாவது தடுப்பு வரிசையின் ஓரத்தில் நின்று எதிரணியின் பந்து எறிபவரை, குவார்ட்டர்பேக்கை, விரட்டுபவர். ஆறடி ஐந்து அங்குலம், 267 பவுண்டு. அந்த உடம்போடு கம்பைனில் (டிராஃப்டுக்கு முந்தைய உடல்திறன் சோதனை) 40 யார்டை 4.59 நொடியில் ஓடினார், நின்ற இடத்திலிருந்து 40 அங்குலம் எகிறினார். அலுவலகத்தில் அந்த வீடியோவை மூன்று முறை பார்த்தேன்.

அப்புறம் கல்லூரிக் கணக்கைப் பார்த்தேன். மூன்று வருடம், மொத்தம் நாலரை சாக். (பந்தை எறிவதற்குள் குவார்ட்டர்பேக்கைக் கீழே தள்ளினால் ஒரு சாக்; இருவர் சேர்ந்து தள்ளினால் ஆளுக்கு அரை.) வருடத்துக்கு ஒன்றரை. அதே டிராஃப்டில் பாஸ்டன் காலேஜின் டோனவன் எஸிருவாகு கடந்த சீசனில் மட்டும் பதினாறரை எடுத்திருக்கிறார். உயரம் குறைவு, எடை குறைவு, ஆனால் குவார்ட்டர்பேக்கைக் கீழே தள்ளத் தெரிந்தவர்.

போன சீசன் வலி இன்னும் ஆறவில்லை. ரேவன்ஸிடம் 38 புள்ளி எடுத்துத் தோற்றோம், ஸ்டீலர்ஸிடமும் 38 எடுத்துத் தோற்றோம், இரண்டும் சொந்த மைதானத்தில். நம் குவார்ட்டர்பேக் பர்ரோ 4,918 யார்டு எறிந்தும் 9 வெற்றி, 8 தோல்வி, பிளேஆஃப் கிடையாது. இந்த நிலையில் பழக்கி எடுக்க வேண்டிய ஆளுக்கு முதல் சுற்றைச் செலவு செய்யலாமா? உடம்பைப் பார்த்து எடுப்பதா, கணக்கைப் பார்த்து எடுப்பதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

யார்க்கர்_சாமி | 19 ஏப்ரல் 2025

கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். கிரிக்கெட்டில் சொல்வார்களே, லைன் லெங்த் கற்றுக்கொடுக்கலாம், வேகம் பிறவியில் வர வேண்டும் என்று. இதுவும் அதே கதை. டேனியல் ஹன்டர் எல்.எஸ்.யு. பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் எடுத்தது ஒன்றரை சாக். என்.எஃப்.எல்.லில் வைக்கிங்ஸ் அணிக்குப் போன முதல் வருடம் ஆறு, இரண்டாவது வருடம் பன்னிரண்டரை. ஸீகி ஆன்சா கானாவிலிருந்து வந்தவர், 2010 வரை ஹெல்மெட்டே போட்டதில்லை. 2013-இல் டெட்ராய்ட் லயன்ஸ் ஐந்தாவது இடத்தில் எடுத்தார்கள், 2015-இல் பதினாலரை சாக். உடம்பு இருந்தால் மற்றது வரும்.

கைல்_ஃபீல்ட்_அக்கா | 20 ஏப்ரல் 2025

நான் காலேஜ் ஸ்டேஷனில், ஸ்டூவர்ட்டின் அதே டெக்சஸ் ஏ அண்ட் எம்மில், எம்.எஸ். படித்தவள். எங்கள் மைதானம் கைல் ஃபீல்டில் மாணவர்கள் ஆட்டம் முடியும்வரை நின்றுகொண்டேதான் பார்க்க வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். அந்தப் பாசத்தில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நாலரை என்ற எண்ணை மட்டும் பிடித்துத் தொங்காதீர்கள். ஸ்டூவர்ட்டோடு மறுபக்கம் ஆடிய நிக் ஸ்கர்ட்டனைப் பாருங்கள். 2023-இல் பர்டூவில் பத்து சாக் எடுத்தவர். எங்கள் ஊருக்கு மாறி வந்த 2024-இல் ஐந்துதான். அவருக்குத் திறமை பாதியாகக் குறைந்துவிட்டதா என்ன? எங்கள் ஆட்டமுறையில் ஓரத்தில் நிற்பவருக்கு முதல் வேலை, ஓடி வருபவனுக்கு வழி விடாமல் நிற்பது. ஸ்டூவர்ட்டை உள்ளே தள்ளி, எதிரணி வரிசையின் நடுவில் நிற்கும் கார்டுக்கு எதிரேயும் நிறுத்துவார்கள். அந்த வேலையை அவர் முகம் சுளிக்காமல் செய்தார்.

மேசன்_வாசி | 20 ஏப்ரல் 2025

அக்கா, ஸ்கர்ட்டன் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி. ஆனாலும் சாக்குக்குப் பதிலாகச் சாக்குப்போக்கு என்று ஆகிவிடக் கூடாதே என்றுதான் பயம்.

கராஜ்_கோச் | 20 ஏப்ரல் 2025

தம்பி, நான் டேட்டனில் இருக்கிறேன், இருபத்திரண்டு வருடமாக இந்த அணியைப் பார்த்து வயிறெரிகிறவன். ஹன்டர், ஆன்சா பெயரெல்லாம் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு வெர்னன் கோல்ஸ்டன் பெயர் மட்டும் மறந்துபோகும். எங்கள் ஒஹாயோ ஸ்டேட் பையன். கடைசி சீசனில் 14 சாக், உடம்போ செதுக்கி வைத்த சிலை. 2008-இல் ஜெட்ஸ் ஆறாவது இடத்தில் எடுத்தார்கள். மூன்று வருடம் ஆடினார், ஒரு சாக்கூட இல்லை. பாதிகூட இல்லை. ஆக, கணக்கைப் பார்த்து எடுத்தாலும் மண்ணைக் கவ்வலாம். உங்கள் கேள்வியில் இருக்கிற ‘உடம்பா, கணக்கா’ என்பதை நான் அப்படிப் பார்க்க மாட்டேன். அந்த சாக் எந்த இடத்தில் நழுவிப் போனது என்றுதான் பார்ப்பேன்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என்.எஃப்.எல். இல்லை, என் மகன். பத்தாம் வகுப்பு. போன செப்டம்பரில் பள்ளியின் இரண்டாம் நிலை அணியில் டிஃபென்சிவ் எண்ட் இடம் கிடைத்தது. அணியிலேயே உயரம் அவன்தான், முதல் பத்து யார்டு ஓட்டத்தில் அவனை யாரும் பிடிக்க முடியாது. நான்கு ஆட்டம், ஒரு சாக் இல்லை. சனிக்கிழமை காலை கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, பந்து கிளம்பியதும் மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். ‘ஒன்று’ என்பதற்குள், தன்னைத் தடுக்க எதிரே நிற்கும் டேக்கிளைத் தாண்டப் போகிற மாதிரி இருப்பான். ‘இரண்டு’ வரும்போது அந்தக் குண்டுப் பையனின் இரண்டு உள்ளங்கையும் இவன் நெஞ்சில் பசை போட்ட மாதிரி ஒட்டியிருக்கும். அவ்வளவுதான், கதை முடிந்தது. மூன்றுக்குள் பந்து போயே போய்விடும். என்.எஃப்.எல்.லிலும் அவ்வளவு நேரம்தான்.

அவனுடைய லைன் கோச் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். தினமும் இருநூறு தடவை, நீட்டிய கையை மேலிருந்து வெட்டித் தள்ளு. அப்புறம் தோளைத் தாழ்த்தி வளைந்து ஓடு. நீட்டுவதற்குக் கை வேண்டுமே? நான்தான் கிடைத்தேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு காரை வெளியே நிறுத்திவிட்டு, கராஜில் நான் கையை நீட்ட, அவன் வெட்டுவான். முதல் வாரமே என் மணிக்கட்டு நீலம் பாய்ந்துவிட்டது. வீட்டில் மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு, “இதுக்குப் பேசாம செஸ் கிளாஸ் போட்டிருக்கலாம்” என்றாள்.

மூன்றாவது வாரம் ஒன்று கவனித்தேன். கை பழகிவிட்டது, கண்தான் பழகவில்லை. வெட்டும் நேரத்தில் என் கையைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் குவார்ட்டர்பேக்குக்குப் பதிலாக வைத்திருந்த குப்பைத் தொட்டியைப் பார்க்கிறான். ஆசை அங்கே, வேலை இங்கே. அதனால் வெட்டு அரை அங்குலம் முன்னாலோ பின்னாலோ விழுகிறது. அதைச் சரி செய்யத்தான் மீதி சீசன் முழுக்க ஆனது. சீசனின் கடைசி ஆட்டத்தில் ஒரு சாக்.

இனி ஸ்டூவர்ட்டுக்கு வருகிறேன். அக்கா சொன்னது சரி, வேலையை அவர் ஏமாற்றவில்லை. ஆனால் வீடியோவில் எனக்குத் திரும்பத் திரும்பப் படுவது, முதல் எட்டு வைக்கும்போதே ஜெயித்துவிட்டு, இரண்டாம் எட்டு வைக்கும்போது நிமிர்ந்துவிடுகிறார். கை நீளம் இருக்கிறது, அதை முதலில் வைப்பதில்லை. சில சமயம் குவார்ட்டர்பேக் பக்கத்திலேயே போய்விட்டு, பிடிக்க வேண்டிய இடத்தில் தாண்டிப் போய்விடுகிறார். இது ஆட்டமுறையின் குற்றம் இல்லை. ஆனால் சரி செய்ய முடியாத கோளாறும் இல்லை. ஓட்டமே இல்லாதவனுக்கு நான் கராஜில் எதைச் சொல்லிக்கொடுத்து என்ன பயன்?

யார்க்கர்_சாமி சொன்ன கிரிக்கெட் உதாரணம் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. பந்து வீசுகிறவன் கையை யாரும் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. இங்கே 320 பவுண்டு மனிதன் ஒருவன் அந்த வேலைக்கே சம்பளம் வாங்குகிறான்.

எனக்கு இடிப்பது விலை. ஹன்டரை எடுத்தது மூன்றாவது சுற்றில், 88-ஆவது இடத்தில். முன்னால் கிரிஃபன், ராபிசன் என்று இரண்டு பழம் தின்று கொட்டை போட்டவர்கள். அவர் நிதானமாகப் பழகலாம், தோற்றாலும் யாரும் கேட்கப் போவதில்லை. 2022-இல் ஜாக்சன்வில் அணி முதல் இடத்திலேயே ட்ராவான் வாக்கரை எடுத்தார்கள். அவரும் கல்லூரியின் கடைசி வருடத்தில் ஆறு சாக்தான். முதல் சீசன் மூன்றரை, அடுத்தது பத்து, அதற்கடுத்தது பத்தரை. நல்ல ஆட்டக்காரர் ஆகிவிட்டார். ஆனால் அவருக்கு அடுத்து போன ஹட்சின்சன் டெட்ராய்ட்டில் முதல் வருடமே ஒன்பதரை எடுத்தார். முதல் இடத்தின் விலைக்கு அந்த வித்தியாசம் சின்னது இல்லை.

நம் வீட்டுக் கதையும் இருக்கிறது. 2023-இல் 28-ஆவது இடத்தில் பெங்கால்ஸ் எடுத்தது மைல்ஸ் மர்ஃபி. அப்போதும் உடம்பு, வேகம், போகப் போகத் தேறுவார் என்றுதான் சொன்னார்கள். முதல் வருடம் மூன்று, போன வருடம் பூஜ்யம். நம் இன்னொரு எண்ட் ஹப்பர்டும் ஓய்வு பெற்றுவிட்டார். மறு ஓரத்தில் ஆடும் ஹென்ட்ரிக்சன் ஒருவர் மட்டும் பதினேழரை எடுத்து லீக்கிலேயே முதலிடம், அவரோ சம்பளச் சண்டையில் வேறு அணி தேடிக்கொள்ள அனுமதி வாங்கி நிற்கிறார்.

என் முடிவு இதுதான். ஹென்ட்ரிக்சன் இருப்பார் என்று கையெழுத்து ஆகிவிட்டால் ஸ்டூவர்ட்டை 17-இல் எடுக்கலாம். முதல் வருடம் மூன்றாவது டவுனில், அதாவது எதிரணி பெரும்பாலும் பந்தை எறியும் மூன்றாம் முயற்சியில், உள்ளே நிறுத்தி, பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்துப் பழகட்டும். ஹென்ட்ரிக்சன் இல்லாத இடத்தை நிரப்ப என்று எடுத்தால், அது அந்தப் பையனுக்கும் அநியாயம், பர்ரோவுக்கும் அநியாயம். அப்படியானால் எஸிருவாகுவையே எடுத்துவிடுங்கள்.

யார்க்கர்_சாமி | 20 ஏப்ரல் 2025

கை விஷயம் ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. ஆனால் எஸிருவாகு 17-இல் ரொம்ப விலை. இரண்டாவது சுற்றில் கிடைப்பார் பாருங்கள்.

மேசன்_வாசி | 25 ஏப்ரல் 2025

எடுத்துவிட்டார்கள்! பெயரை வாசித்ததும் என் மனைவி “இவரைத்தானே வேண்டாம்னு சொன்ன?” என்று கேட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை, கேள்விதான் கேட்டேன். கராஜ் அண்ணன் என்ன சொல்கிறார்?

கராஜ்_கோச் | 26 ஏப்ரல் 2025

எடுத்தாயிற்று, இனி நம் வீட்டுப் பையன். சாமிக்கு ஒரு சபாஷ், எஸிருவாகு 44-இல்தான் டாலஸுக்குப் போனார். அதாவது நம் கை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தார். ஹென்ட்ரிக்சன் விஷயத்தில் மட்டும் இன்னும் சத்தமே இல்லை.

மேசன்_வாசி | 14 ஜூன் 2025

பழைய இழையை மேலே இழுக்கிறேன். ஸ்டூவர்ட் இன்னும் ஒப்பந்தம் போடவில்லை. உத்தரவாதப் பணத்தை எப்போது ரத்து செய்யலாம் என்ற ஒரு ஷரத்தில் அணிக்கும் அவருக்கும் இழுபறி. கூட்டங்களில் உட்கார்ந்தார், மைதானத்தில் ஒரு நாளும் பயிற்சி எடுக்கவில்லை. பழக வேண்டிய ஆளுக்கு இந்த இரண்டு மாதம் போனது போனதுதானே?

கராஜ்_கோச் | 14 ஜூன் 2025

நான் அவர் கையைப் பற்றிக் கவலைப்பட்டேன், இவர்கள் கையெழுத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். போன வருடம் வரை மற்றவர்களுக்குப் போட்ட ஒப்பந்தத்தில் இல்லாத ஷரத்தை இவருக்கு மட்டும் ஏன் போட வேண்டும் என்று அவர் கேட்கிறார். அதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. ஜூலையில் முகாம் தொடங்குவதற்குள் முடித்தால் சரி.

எங்கள் கராஜில் இருநூறு முந்நூறாகிவிட்டது. மகன் இப்போது குப்பைத் தொட்டியைப் பார்ப்பதில்லை. எனக்குத்தான் மணிக்கட்டுக்கு உறை ஒன்று வாங்க வேண்டும். கடினமாகவும் இருக்க வேண்டும், விரலும் மடங்க வேண்டும். யாராவது வாங்கியிருந்தால் சொல்லுங்கள்.