ஐஸ்லாந்து ஊற்றுகள்: சுண்ணாம்புப் பாறையே இல்லாத இடத்தில் சுண்ணாம்பு எப்படி?

ஊர்சுற்றி:
போன கோடையில் ஐஸ்லாந்து போயிருந்தேன். லாங்யோகுல், ஹோஃப்ஸ்யோகுல் என்ற இரண்டு பெரிய பனிமுடிகளுக்கு நடுவே, மண் ரோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போனால் ஹ்வேராவெட்லிர் வெந்நீர் ஊற்றுகள். அங்கே ப்ளாஹ்வேர் என்ற நீலக் குளத்தைச் சுற்றிப் பீங்கான் மாதிரி கெட்டியான சாம்பல்-வெள்ளை ஓடு. அப்புறம் மேற்கே ஸ்னைஃபெல்ஸ்நெஸ் தீபகற்பத்தில் பார்த்த ஊற்று வேறு ரகம்: தண்ணீர் வெறும் வெதுவெதுப்பு, சோடா மாதிரி குமிழி, ஓரத்தில் பழுப்பேறிப் பொருபொருவென்ற படிவு. அது சுண்ணாம்பாம். தீவே எரிமலைப் பாறை, சுண்ணாம்பு எங்கிருந்து வரும்?

வெள்ளைக்காக்கா:
யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஊரில் வெள்ளையாக எது படிந்தாலும் சிலிக்காதான் (மணலில் இருக்கிற அதே பொருள்), ப்ளூ லகூன் என்ற பிரபல வெந்நீர்க் குளியல் குளத்தின் சேறு மாதிரி.

பாறைக்கிறுக்கன்:
இல்லை, சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ப்ளூ லகூனை இதில் இழுக்காதீர்கள், அது இயற்கை ஊற்றே இல்லை, ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப மின்நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீர்.

ப்ளாஹ்வேர் ஓடு சிலிக்காதான், சின்டர் என்பார்கள். பூமிக்கடியில் கொதிக்கிற நீர் பாறையிலிருந்து சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. 100 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 370 மில்லிகிராம் சிலிக்கா கரைந்திருக்க முடியும், 25 டிகிரிக்கு ஆறினால் 120 போலத்தான் தாங்கும், மிச்சம் விளிம்பில் படிகிறது.

சுண்ணாம்பின் கதை நேர் எதிர். அதைப் படிய வைப்பது குளிர்ச்சி இல்லை, வாயு வெளியேறுவது. எரிமலை மண்ணிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து லேசான அமிலமாகி பசால்ட்டை, அதாவது எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறையை, அரிக்கிறது, பசால்ட்டிலேயே சுண்ணாம்புக்கு வேண்டிய கால்சியம் தாராளமாக இருக்கிறது, அதனால் சுண்ணாம்புப் பாறை தேவையே இல்லை. வெளியே வந்ததும் சோடா மூடியைத் திறந்த மாதிரி வாயு போய்விடும், கால்சியத்தைக் கரைத்து வைத்திருக்க ஆள் இல்லை, டிராவர்டைன் என்ற சுண்ணாம்புப் படிவாகப் படியும். பழுப்பு நிறம் இரும்புத் துரு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் வெந்நீர் ஊற்றுகள் கட்டிய மாமத் படிகளும் டிராவர்டைன்தான், ஆனால் அங்கே அடியில் நிஜமாகவே சுண்ணாம்புப் பாறை உண்டு.

வெள்ளைக்காக்கா:
சரி, பசால்ட் விஷயம் எனக்குப் புதிது. ஆனால் கண்ணால் பார்த்து இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

பாறைக்கிறுக்கன்:
வினிகர் ஒரு சொட்டு. சுண்ணாம்பு நுரைக்கும், சிலிக்கா சும்மா இருக்கும். அதற்காக அங்கே போய் உடைத்துப் பார்க்காதீர்கள், பாதுகாக்கப்பட்ட இடம், தவிர ஓரத்து ஓடு சில இடங்களில் விரல் கனம்கூட இருக்காது, கீழே கொதிநீர்.

ஊர்சுற்றி:
உடைக்கவில்லை சாமி. அந்தச் சோடா ஊற்றின் ஓடையில் ட்ரைபாடை நட்டுப் படம் எடுத்திருந்தேன், கால்களில் காய்ந்த பழுப்புக் கறை இன்னும் அப்படியே இருந்தது. இப்போதுதான் வினிகர் விட்டேன். பொடிப்பொடியாக நுரைத்தது, கூடவே கறையும் போய்விட்டது.