உளவியலாளர் ஏன் நேராக அறிவுரை சொல்வதில்லை?

நீலவானம்:
அப்பா இறந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை, வேலையிலும் கவனம் போவதில்லை, அதனால் ஒரு உளவியலாளரிடம் கவுன்சிலிங் போய்க்கொண்டிருக்கிறேன். பொறுமையாகக் கேட்கிறார், அதில் குறை இல்லை. ஆனால் "நான் இப்போது என்ன செய்யட்டும்?" என்று கேட்டால் "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று என்னிடமே திருப்பிவிடுகிறார். போன முறை நான் அழுதபோதுகூட ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லாமல் அமைதியாக உட்கார்ந்திருந்தார். இப்படித்தான் இருக்குமா, இல்லை வேறு ஆளைப் பார்க்க வேண்டுமா?

தூரத்துமழை:
நான் இந்தத் துறையில்தான் இருக்கிறேன். அழும்போது பேசாமல் இருப்பதை அக்கறை இல்லாததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "அழாதீங்க, எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னதும் நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவோம், அத்தோடு அது உள்ளேயே தங்கிவிடும். அழுது முடியும்வரை ஒருவர் அவசரப்படுத்தாமல் கூட இருந்தால்தான் "கடைசி நேரத்தில் நான் பக்கத்தில் இல்லையே" என்பது மாதிரி, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று வெளியே வரும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஆலோசகர் வேஷம் போடாமல் உண்மையாக இருக்க வேண்டும், வந்தவரை நிபந்தனை இல்லாமல் மதிக்க வேண்டும், அவர் இடத்தில் நின்று புரிந்துகொள்ள வேண்டும் என்றார். இன்றுவரை எங்களுக்கு அதுதான் அடித்தளம். அறிவுரை விஷயமும் அப்படித்தான்: அது பலித்தால் அடுத்த முடிவுக்கும் என்னிடமே வந்து நிற்பீர்கள், பலிக்காவிட்டால் உங்கள் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

கல்மண்டபம்:
மேலே சொன்னது சரி, ஆனால் கேட்பது மட்டும் எல்லோருக்கும் போதாது. ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களில் உருவாக்கிய, நினைப்புகளைச் சோதித்துப் பார்க்கும் முறையில் உளவியலாளர் இன்னும் கொஞ்சம் இறங்கி வேலை செய்வார். உதாரணமாக, மேலதிகாரி மெயிலுக்குப் பதில் போடவில்லை, உடனே "என் வேலை போகப்போகிறது" என்று மனம் சொல்கிறது. அந்த நினைப்பை அப்படியே ஒரு தாளில் எழுதச் சொல்வார், அதற்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன இருக்கிறது, வேறு காரணம் இருக்கலாமா என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பீர்கள். வீட்டுக்கும் பயிற்சி உண்டு. அதனால் ஆளை மாற்றுவதற்கு முன் அவரிடமே கேளுங்கள்: "எந்த முறையில் போகிறோம், முன்னேற்றத்தை எப்படித் தெரிந்துகொள்வது?" இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது, நல்ல உளவியலாளர் கோபப்பட மாட்டார். மழுப்பினால் தாராளமாக மாற்றுங்கள்.

வெண்பனி:
ஒன்று சேர்க்கிறேன். தூக்கம், சாப்பாடு எல்லாம் கெட்டு வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள், மருந்து தேவையா என்று அவர்தான் சொல்ல முடியும். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

நீலவானம்:
நன்றி. கடைசியாகச் சொன்ன எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் தூக்கம் சரியில்லை, அதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. இந்த வாரம் அதையும் எந்த முறை என்பதையும் கேட்டுவிடுகிறேன்.